சரீரமும் சுபாவமும்

ஒரே உயரமும் ஒரே எடையும் ஒரே மாநிறமும் கொண்ட இருவரில் ஒருவர் தம் உருவத்தைப் பற்றிய நினைவே இல்லாமல் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட, மற்றவர் நாலு பேர் கூடும் கல்யாண வீட்டுக்குப் போகவும் கூசி நின்றுவிடுகிறார் என்றால், அந்த வித்தியாசத்துக்குக் காரணம் சரீரத்தில் இல்லை என்பது தெளிவு. மனிதன் தன் தேகத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. பிறர் சொன்ன சொல்லாலும், தனக்கென்று அமைந்த சுபாவத்தாலும் சேர்ந்தே பார்க்கிறான். வியன்னாவில் பிறந்த மனநோய் மருத்துவர் பால் ஷில்டர், ஒவ்வொருவரும் தம் உடலைக் குறித்து மனத்துக்குள் வரைந்துகொள்ளும் இந்தச் சித்திரத்தை 1935-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். அச்சித்திரம் கோணிப்போனால் விளையும் அபாயங்களையும், அதை வைத்து ஆதாயம் தேடுவோரிடமிருந்து சட்டம் அளிக்கும் பாதுகாப்பையும் வயது வந்த ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

மனோதத்துவ அறிஞர்கள் மனித சுபாவத்தை மனச்சஞ்சலம், கலகலப்பு, இணக்கம், கடமையுணர்ச்சி, புதியவற்றில் நாட்டம் என்று ஐந்து பெருங்குணங்களாக வகுத்துப் பார்க்கிறார்கள். இவற்றில் எளிதில் கலங்குவதும், நடந்ததையே நினைத்து மறுகுவதும், பிறர் முகக்குறிப்பில் கண்டனத்தைத் தேடுவதுமாகிய மனச்சஞ்சலம் மிகுந்தவர்களே தம் உருவத்தைக் குறித்து அதிகமாக விசனப்படுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் புலனாகியிருக்கிறது. 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண் பெண்களை விசாரித்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், தம் தோற்றத்தில் அதிருப்தி கொண்டவர்களிடம் இந்தச் சஞ்சலமும், நெருங்கிய உறவுகளில் நம்பிக்கையின்மையும், தொலைக்காட்சியின் முன் கழியும் நேரமும் மிகுந்திருந்தன. திருப்தியுள்ளவர்களிடமோ கலகலப்பும் கடமையுணர்ச்சியும் சுயமதிப்பும் மேலோங்கியிருந்தன.

இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடலாகாது. கலங்கும் சுபாவம் உடையவரிடம், 'பெண் கொஞ்சம் கறுப்புதான்', 'இந்த வயசிலேயே வழுக்கையா?' என்று உறவினர் கூசாமல் சொல்லும் வார்த்தைகளும், சிவந்த நிறத்தை ஒரு தகுதியாக அச்சிடும் மணமகள் தேவை விளம்பரங்களும் போய்ச் சேரும்போதுதான், பிறர் கேட்டு மறந்துவிடும் சொல் அவருக்கு ஆறாத புண்ணாகிறது. ஆகையால் சுபாவத்தைக் குற்றமாகக் கொள்வது அநியாயம். அதை மாறாத விதியாகக் கொள்வதும் தவறு. சிகிச்சையும் பயிற்சியும் சுபாவத்தை மாற்றுமா என்று பார்த்த 207 ஆய்வுகளை ஒருங்கே பரிசீலித்து 2017-இல் வெளியிட்ட அறிஞர்கள், சில மாதச் சிகிச்சையிலேயே மனச்சஞ்சலம் குறிப்பிடத்தக்க அளவு தணிவதைக் கண்டார்கள்.

இனி அபாயங்களைப் பார்ப்போம். பிறர் கண்ணுக்குத் தெரியாத அல்லது அற்பமான ஒரு குறையைப் பெரும் விகாரமாக எண்ணி, நாள்தோறும் பல மணி நேரம் கண்ணாடியின் முன் கழித்து, வெளியே போகாமல் ஒளிந்து வாழும் நிலையை 1891-இலேயே இத்தாலிய மருத்துவர் என்ரிக்கோ மோர்செல்லி நோயென்று விவரித்தார். வயது வந்தவர்களில் ஏறத்தாழ 100-க்கு 2 பேரிடம் காணப்படும் இந்நோய் ஆண்களையும் விடுவதில்லை. தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகக் கூடியது. இவர்களில் பலர் மனநல மருத்துவரை நாடாமல் தோல் வைத்தியரையும் அறுவை நிபுணரையும் தேடிப் போகிறார்கள். மூக்கைத் திருத்தியும் முகத்தை மெருகேற்றியும் பெரும்பாலோர்க்கு நிம்மதி கிட்டுவதில்லை, ஏனெனில் நோய் மூக்கில் இல்லை.

மருத்துவரைக் கேட்காமல் நிறம் வெளுக்கப் பூசிக்கொள்ளும் ஸ்டீராய்டு களிம்பு தோலை மெலியச் செய்து, முகத்தில் பருக்களையும் ரோமத்தையும் வளர்த்து, நிறுத்தினால் எரிச்சலாகச் சீறுகிறது. பாதரசம் கலந்த க்ரீம்கள் சிறுநீரகத்தையே பழுதாக்குகின்றன. கேரளத்தின் மலப்புரம் வட்டாரத்தில் சிறுநீரக நோயாளிகள் பலர் இத்தகைய க்ரீம்களைப் பூசிவந்தவர்கள் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் சதை பருக்கப் போட்டுக்கொள்ளும் ஊசிகள் இருதயத்தையும் ஈரலையும் சந்தான பாக்கியத்தையும் கெடுக்கும்.

இத்தீங்குகளுக்கு எதிராகச் சட்டம் மௌனமாக இல்லை. உடல் பருமனைக் கரைப்பதாகவும், உயரத்தை வளர்ப்பதாகவும், பெண்களின் மார்பக அமைப்பை மாற்றுவதாகவும் மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறை 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய் விளம்பரம் செய்த உற்பத்தியாளருக்கும், அதில் தோன்றிப் பரிந்துரைத்த பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். 2018-இல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென்று மத்திய அரசு ஆணையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ அரசு நடத்தும் மனநலச் சிகிச்சையைப் பெறுவதையும், அதைப் பற்றிய ரகசியம் காக்கப்படுவதையும் ஒவ்வொருவரின் உரிமையாக்கி, உடல் நோய்க்குப் போலவே மன நோய்க்கும் காப்பீடு வழங்கப்பட வேண்டுமென்று விதித்திருக்கிறது.

பரிகாரங்களும் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. க்ரீமாலோ மாத்திரையாலோ ஏமாற்றப்பட்டவர் ரசீதையும், குப்பி அல்லது பெட்டியையும், விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்தி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடரலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை. உருவத்தைப் பற்றிய கவலை தினமும் மணிக்கணக்கில் அலைக்கழித்தாலும், வேலைக்கோ விசேஷத்துக்கோ போக விடாமல் தடுத்தாலும், டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. எண்ணப் போக்கைப் பரிசீலித்துத் திருத்தும் உரையாடல் சிகிச்சையும், மனநல மருத்துவர் தரும் மருந்துகளும் உருவத்தைப் பற்றிய இந்த நோயில் நல்ல பலன் தருவதாக நிரூபணமாகியிருக்கின்றன.

ஆகையால் சரீரத்தைத் திருத்தப் பணம் கட்டுமுன், திருத்த வேண்டியது சரீரந்தானா என்று ஒரு நல்ல மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அவ்வாறு கேட்பவரை ஏளனம் செய்யாதிருப்பதும், பெண் பார்க்கப் போன இடத்திலும் பந்தியிலும் பிறர் நிறத்தையும் பருமனையும் பற்றிய பேச்சை எடுக்காதிருப்பதும் வீட்டுப் பெரியவர்களின் கடமை.