முதல் டி.டி. (டிரங்க் அண்ட் டிரைவ்) கேஸ்: வக்கீல் வைக்க வேண்டுமா?

வள்ளூரில் ட்ரெய்லர் ஓட்டும் ஒருவர், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிவிட்டுத் திரும்புகிறார். சோதனையில் ஊதச் சொல்கிறார்கள். கருவி 30-ஐத் தாண்டுகிறது. மறுநாள் வீட்டில் ஒருவர், "பத்தாயிரத்தைக் கட்டிட்டு வந்துடு" என்கிறார். இன்னொருவர், "வக்கீலைப் பிடி, கேஸையே உடைச்சிடுவாரு" என்கிறார். முடிவெடுக்கும் முன், ஊதிய கருவி தந்த சீட்டைப் பார்க்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவுப்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் அபராதம் 2,000 வரைதான். இதற்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது; மாஜிஸ்திரேட்தான் தண்டனை தரமுடியும். ரோட்டிலேயே ரொக்கம் கேட்டால் அது அபராதமல்ல, கொடுக்காதீர்கள்.

சீட்டில் அளவு 140, 180 என்று தெளிவாக இருந்து, விபத்தும் நடக்கவில்லை, டூவீலரில் போய் மாட்டியவர் என்றால், என் கருத்தில் வக்கீல் செலவு பெரும்பாலும் வீண். நேரில் போய் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒப்புக்கொள்வதும் தண்டனைப் பதிவுதான். மறுபடி சிக்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஏறிவிடும்.

அளவு 33, 35 என்று எல்லையை ஒட்டி இருந்தாலோ, சீட்டில் பெயர், வண்டி நம்பர், நேரம் பொருந்தாவிட்டாலோ வக்கீலிடம் காட்டுங்கள். கைது செய்திருந்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. அந்த நேரங்களை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் யோசனையே வேண்டாம், முதல் நாளே வக்கீல் வேண்டும். உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் வழக்கும் சேரும்.

ஹெவி லைசென்ஸில் பிழைப்பவருக்கு நிஜ இழப்பு பத்தாயிரம் அல்ல. குடித்து ஓட்டினால் குறைந்தது 3 மாதம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்படி, உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. 3 மாதம் ஸ்டியரிங்கைத் தொடாவிட்டால் வீட்டு வாடகை, பிள்ளைகள் ஃபீஸ், வண்டி முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் கழுத்தை நெரிக்கும். நிறுத்துவதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்காதீர்கள். எழுத்தில் பதில் கொடுங்கள். உத்தரவு வந்தபின் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். வக்கீலுக்குத் தரும் காசு உண்மையில் பயன்படும் இடம் இது.

காசில்லை என்றால்? சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவு பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்களோடு தொழில்துறைத் தொழிலாளர்களையும் இலவச வக்கீலுக்கு உரியவர்களாகச் சொல்கிறது. வள்ளூர் அனல்மின் நிலையத்திலும் எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள் பலருக்கு இது தெரிவதே இல்லை. குறைந்த வருமானம் உள்ளவர்களும் கேட்கலாம். பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவை விசாரியுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். சீட்டு, சம்மன், லைசென்ஸ் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.