தாகத்துக்கு மேல் குடித்த தண்ணீர்

மாரத்தான் ஓடுகிறவர் தள்ளாடினால் உடனே தண்ணீர் பாட்டிலை நீட்டுவோம். அந்தத் தண்ணீரே சிலருக்கு எமனாகிவிடும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சுருண்டு விழுந்து பிறகு இறந்த இளம்பெண்ணுக்கு வெயிலாலோ இதயத்தாலோ சாவு வரவில்லை. ரத்தத்தில் சோடியம் இறங்கிப்போயிருந்தது. வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கம். திடகாத்திரமான ஓட்டக்காரருக்கு எப்படி இறங்கும்?

அதே பந்தயத்தில் ஆய்வாளர்கள் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைவு. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டியது, மூன்று பேருக்கு 120-ஐத் தொட்டோ அதற்கும் கீழேயோ கிடந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி எடை கூடுவதா? கூடும், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தால்.

சும்மா இருக்கும்போது மிகையாகக் குடித்தால் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நெடுநேர ஓட்டத்திலோ மூளை வாசோப்ரெசின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ‘நீரை விடாதே’ என்கிறது. வறட்சிக் காலத்துக்கான ஏற்பாடு அது. மேலே மேலே குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகிறது. நீர் செல்களுக்குள் புகுகிறது. ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல அவை பருக்கின்றன. விரல் வீங்கி மோதிரம் இறுகினால் பாதகமில்லை. மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் ஒதுங்க இடமேது? தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போய், மூளைத்தண்டு நசுங்கினால் மூச்சே நின்றுவிடும்.

விளையாட்டு பானம் குடித்தால் தப்பிக்கலாம் என்று எண்ணவேண்டாம். ரத்தத்தோடு ஒப்பிட்டால் அதிலுள்ள சோடியம் சொற்பம்.

‘தாகம் எடுக்கும் முன்பே குடி’ என்று பல ஆண்டுகள் ஓதிய அறிவுரைக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பேன். தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் 1985-லேயே இந்த ஆபத்தை எழுதிவிட்டார்; யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2015-இல் வலியுறுத்தியது.

சோடியம் குறைவின் அறிகுறிகள் நீர்வறட்சியைப் போலவே இருப்பதுதான் சிக்கல். சோதிக்காமல் சாதாரண சலைன் ஏற்றினால் சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிவிட்டு நீரை வைத்துக்கொள்ளும், நிலைமை மோசமாகலாம். வேண்டியது 3 சதவீத உப்புக்கரைசல், ஒரு தடவைக்கு 100 மில்லிலிட்டர், நரம்பு வழியாக. அரை டம்ளர்கூட இருக்காது.