மின்சுற்றைச் சுருக்கும் தேற்றங்களும் கிராம மின்வழங்கலும்

மின்பாதையின் கடைக்கோடியில் உள்ள ஒரு சிற்றூருக்குப் பின்னால் மின்னுற்பத்தி நிலையங்கள், துணைமின் நிலையங்கள், மின்மாற்றிகள், பல கிலோமீட்டர் நீளக் கம்பிகள் ஆகிய அனைத்தும் இணைந்து நிற்கின்றன. அவ்வூரில் மேலும் ஒரு பம்புசெட்டுக்கு இணைப்பு வழங்கலாமா என்று முடிவு செய்ய, இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே மின்சுற்றுத் தேற்றங்கள் தரும் விடையாகும்.

பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளரான லியோன் சார்லஸ் தெவனின் 1883-இல் ஒரு தேற்றத்தை வெளியிட்டார். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே இக்கருத்தைக் கண்டிருந்தார். எத்துணைச் சிக்கலான மின்சுற்றாயினும், அதன் இரு முனைகளிலிருந்து நோக்கும்போது, ஒரே மின்னழுத்த மூலமும் அதனுடன் தொடராக அமைந்த ஒரே மின்தடையும் கொண்டதாக அதனைக் கருதலாம் என்பதே அத்தேற்றத்தின் சாரம்.

கடைக்கோடியின் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டைக் காண்போம். சுமையின்றி 230 வோல்ட் உள்ள முனையில் 20 ஆம்பியர் எடுக்கும்போது மின்னழுத்தம் 210 வோல்ட்டாகக் குறைகிறது எனக் கொள்வோம். எளிமை கருதித் தடையை மட்டும் எண்ணினால், மறைந்துள்ள தடை 1 ஓம் ஆகும். சுமை 40 ஆம்பியரானால் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கும். பாதையில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் 400 வாட்டிலிருந்து 1,600 வாட்டாகப் பெருகும். மின்னழுத்தம் குறையும்போது அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. சுருள் சூடேறிக் கருகுகிறது. இழப்பு விவசாயிக்கும் மின்வாரியத்திற்கும் ஒருங்கே நேர்கிறது.

உற்பத்தியைப் பெருக்குவதால் மட்டும் இக்குறை தீராது. 11,000 வோல்ட் பாதையைக் கிணறுகளின் அருகே கொணர்ந்து, சிறு மின்மாற்றிகளை நிறுவித் தடையை 0.25 ஓமாகக் குறைத்தால், அதே 40 ஆம்பியரில் 220 வோல்ட் கிட்டும். இழப்பும் 400 வாட்டாகவே நிற்கும்.

பாதுகாப்பின் மறுபக்கம்

ஆயினும், இதே கணக்கு ஓர் எச்சரிக்கையையும் விடுக்கிறது. தடை 1 ஓமாக இருந்தபோது குறுக்குச் சுற்றில் பாயக்கூடிய மின்னோட்டம் 230 ஆம்பியர், 0.25 ஓமில் அது 920 ஆம்பியர். ஆகவே, பாதையைச் சீர்செய்யும்போது உருகிகளையும் மின்துண்டிப்பான்களையும் மறுபரிசீலனை செய்தல் இன்றியமையாதது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்புடன் இணைந்தது போன்ற பெரும் இணைப்புகளுக்கும் இவ்விதி பொருந்தும். இணை பாதைகள் பெருகப் பெருக வழங்கல் வலுப்பெறுகிறது. பழுதின்போது பாயும் மின்னோட்டமும் உயர்கிறது.

இத்தேற்றங்களுக்கு எல்லையும் உண்டு. மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் மின்னோட்டம் மாறும் சுற்றுகளுக்கே அவை முழுமையாகப் பொருந்தும். தம் மின்னோட்டத்தைத் தாமே கட்டுப்படுத்தும் சூரிய மின் மாற்றமைப்புகள் பெருகும் இடங்களில் தனி ஆய்வு தேவை.

புதிய இணைப்புக்கு அனுமதி வழங்குமுன் கடைக்கோடியில் இரு அளவுகளை எடுப்பதற்கு ஆகும் செலவு சொற்பமே. அதனைத் தவிர்ப்பதன் விலையைக் கருகிய மோட்டார்களும் வாடிய பயிர்களும் செலுத்துகின்றன.