விருந்தினருக்கு பிரிண்டர் மட்டும்

வீட்டுக்கு வருகிறவர்கள் வைஃபை கேட்டால் கெஸ்ட் வைஃபையின் பாஸ்வேர்டைத் தருவதுதான் நல்லது. இணையம் மட்டும் அவர்களுக்குக் கிடைக்கும். உங்கள் லேப்டாப்பும் சிசிடிவியும் கண்ணில் படாது. ஆனால் வந்தவர் ஒரு டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும் என்கிறார். பிரிண்டரோ வீட்டு நெட்வொர்க்கில் இருக்கிறது. என்ன செய்வது?

கெஸ்ட் வைஃபையில் இருப்பவர்கள் வீட்டுக் கருவிகளையும் அணுகலாம் என்று பல ரூட்டர்களில் ஒரு டிக் பெட்டி உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிரிண்டரோடு சேர்த்து வீட்டில் உள்ள அத்தனையையும் அது திறந்துவிடும்.

பிரிண்டரையே கெஸ்ட் வைஃபைக்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அதுவும் பலிக்காது. கெஸ்ட் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றோடு பேச முடியாதபடி ரூட்டரே தடுத்து வைத்திருக்கும். அந்தத் தடை விருந்தினர்களின் பாதுகாப்புக்காகவும்தான் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது.

சரியான வழி ஃபயர்வாலில் இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி, மைக்ரோடிக், பிஎஃப்சென்ஸ் போன்றவற்றில் இதைச் செய்யலாம். இணைய நிறுவனம் தரும் ரூட்டர் பலவற்றில் இந்த வசதி இருக்காது. முதலில் பிரிண்டருக்கு மாறாத ஐபி முகவரி ஒன்றை ஒதுக்குங்கள், 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். கெஸ்ட் நெட்வொர்க்கிலிருந்து அந்த ஒரு முகவரிக்கு, டிசிபி போர்ட் 631, 9100 இரண்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்குப் போகும் மற்ற எல்லாவற்றையும் மறுக்கும் விதி அதற்குக் கீழே வர வேண்டும். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுவதால், வரிசை மாறினால் அனுமதிக்கு வேலையே இருக்காது. பிரிண்டர் அனுப்பும் பதிலுக்குத் தனி விதி வேண்டாம். அனுமதித்த இணைப்பின் பதிலை ஃபயர்வால் தானே உள்ளே விடும்.

இதற்குப் பிறகும் விருந்தினரின் போன் 'பிரிண்டர் எதுவும் இல்லை' என்று சொல்லலாம். விதி தவறு என்று நினைத்துப் பலர் அந்த டிக் பெட்டியைத் தேடிப் போவது இந்த இடத்தில்தான். விதியில் பிழை இல்லை. போன்கள் பிரிண்டரைத் தேட எம்டிஎன்எஸ் என்ற முறையில் யுடிபி 5353-இல் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரல் ஒரு நெட்வொர்க்கைத் தாண்டி அடுத்ததற்குப் போகாது. விண்டோஸிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபி முகவரியைக் கையால் கொடுத்துப் பிரிண்டரைச் சேர்க்கலாம். ஐபோனின் செட்டிங்ஸில் அப்படிச் சேர்க்க இடமில்லை. அதற்காக அவாஹி போன்ற ஒரு மென்பொருளை ரூட்டரில் அமைத்து, தேடல் செய்திகளை இரு பக்கமும் கடத்த வேண்டும். அப்போது வீட்டிலுள்ள வேறு கருவிகளின் பெயர்களும் விருந்தினருக்குத் தெரியக்கூடும், இணைய முடியாது என்றாலும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஐபோன் விருந்தினர் எப்போதாவதுதான் வருவார் என்றால், கோப்பை வாங்கி நீங்களே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

பிரிண்டரும் ஒரு கணினிதான். அதன் நிர்வாகப் பக்கத்துக்கு நல்ல பாஸ்வேர்டு போடுங்கள். ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்ப நீங்கள் கொடுத்த கணக்கு விவரம்கூட அதற்குள் இருக்கலாம்.

கடைசியாக உங்கள் போனை கெஸ்ட் வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பிரிண்ட் வர வேண்டும். சிசிடிவியின் முகவரியும் ரூட்டரின் நிர்வாகப் பக்கமும் திறக்கக் கூடாது. ரூட்டர் பக்கம் திறந்தால், ரூட்டருக்கே வரும் இணைப்புகளுக்கான விதியைத் தனியாக இறுக்க வேண்டும். வீட்டு நெட்வொர்க்குக்குப் போட்ட தடை அதைக் கட்டுப்படுத்தாது.