ஞாயிறு எழாத தைத்திங்கள்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும், ஒரு நாளைப் பல சிறுபொழுதுகளாகவும் வகுத்தனர். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்பது தொல்காப்பிய உரைகளின் வழியே தமிழாசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. இப்பகுப்பிற்கு அடிப்படையாக நிற்பது ஞாயிற்றின் ஒழுங்கான வருகையே. ஞாயிறே எழாத ஊரில் தமிழர் குடியேற நேர்ந்தால் அவர்க்குக் காலை எது, மாலை எது? இது கற்பனை வினா அன்று.

பினாங்குத் தமிழர்க்கு இவ்வினா விந்தையாகத் தோன்றலாம். ஜார்ஜ் டவுன் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய ஐந்தரைப் பாகையில் உள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே அங்கு அரை மணிக்குச் சற்று மேற்பட்ட வேறுபாடே உண்டு. குளிர்ச்சியை விரும்புவோர், 1923-இல் திறக்கப்பெற்ற மலை இரயிலில் பினாங்கு மலைக்கு ஏறுவர். அங்கும் ஒரு போர்வையே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதைப் பணிக்கும் அலுவலகப் பணிக்கும் மலாயா வந்த யாழ்ப்பாணத் தமிழர், மொழியும் அண்டை வீட்டாரும் மாறக் கண்டனர்; ஞாயிறு மாறக் கண்டிலர்.

அதே யாழ்ப்பாண மண்ணின் மக்களுள் ஒரு பகுதியினர், இலங்கையில் 1983-இல் மூண்ட போரினால் நார்வே நாட்டை அடைந்தனர். அந்நாட்டின் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் ஆலைகளுக்கு ஆள் பற்றாக்குறை இருந்தது. ஆகவே வார்டோ, ஹாமர்பெஸ்ட் முதலிய சிற்றூர்களிலே அவர்களுட் பலர் வேலை பெற்றனர். எழுத்துப்பணிக்கெனப் படித்தவரும் கத்தி ஏந்திக் 'காட்' மீனைத் துண்டம் போடலாயினர். வார்டோ எழுபது பாகைக்கும் வடக்கே உள்ள ஒரு தீவு நகர். நவம்பர் நான்காம் வாரத்தில் மறையும் ஞாயிறு, ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் அங்கு மீண்டும் தலைகாட்டும்.

இவ்விரு திங்களும் முழு இருள் என எண்ணுதல் பிழை. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலம் கலந்த மங்கல் ஒளி பரவும், பின் இருண்டுவிடும். நாளைப் பகுப்பது வானமன்று, கடிகாரமே. ஆகவே, விழித்தாலும் உறங்கினாலும் குறித்த நேரம் தவறாதிருத்தலே அங்குக் குடியேறுவோர் கற்கும் முதற்பாடம். மங்கல் ஒளி உள்ள பொழுதில் வெளியே நடந்து வருதலை அவ்வூரார் ஒரு கடமையாகவே கொள்வர்.

இரண்டாவது பாடம் உடை. நம்மவர்க்குப் பழகிய பருத்தி அங்குப் பகையாகும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரம் உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். கம்பளியோ நனைந்தபோதும் ஓரளவு வெம்மை காக்கும். ஆதலின் உடலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, புறத்தே காற்றுப் புகாத மேலாடை என மூவடுக்காக உடுத்துவர். உண்மையில், வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் வந்து சேர்வதால் அத்துறைமுகங்களின் நீர் உறைவதில்லை. வாட்டுவது குளிரினும் கடற்காற்றே. வழுக்கும் பனித்தரைக்குக் காலணியின் அடியில் ஆணிப்பட்டையும், இருளில் வண்டியோட்டிகள் காணும்பொருட்டு உடையில் ஒளி எதிர்க்கும் பட்டையும் வேண்டும்.

மூன்றாவது உணவு. வெயில் தோலிற்பட உடல் ஆக்கிக்கொள்ளும் 'வைட்டமின் டி' சத்து, குளிர்காலத்தில் அங்குக் கிடைப்பதில்லை. கருநிறத் தோலுக்கு மிகுந்த வெயில் வேண்டுமாதலின் தமிழர்க்கு இக்குறை எளிதில் நேரும். அந்நாட்டார் வழிவழியாகப் பருகும் மீன் ஈரல் எண்ணெய் இதற்கு ஏற்ற மருந்து.

உடையும் உணவும் சில திங்களிற் பழகிவிடும். தனிமை அத்துணை எளிதிற் பழகுவதில்லை. அவ்வூர்த் தமிழரிடையே வாழ்ந்து ஆராய்ந்த நார்வே மானிடவியலறிஞர் ஆன் சிக்பிரிட் குரோன்செத், மருத்துவர் காரணம் காணவியலாத நோவுகள் அவர்களுட் பலரை வருத்தியதை எழுதியுள்ளார். உற்றார் உறவினர் சூழ வாழ்ந்த வாழ்வை இழந்தமையோடு அந்நோவுகளை அவர் தொடர்புபடுத்துகின்றார். பனிக்குக் கம்பளி உண்டு. பேச்சுத்துணை இன்மைக்கு அத்தகைய ஆடை ஏது? பிற்காலத்தில் அவர்களுட் பலர் ஆஸ்லோ நகர்ப்புறத்திற்குக் குடிபெயர்ந்தமைக்கு, மக்களின் கல்வியோடு தமிழ்ச் சுற்றத்தின் அண்மையும் ஒரு காரணமாயிற்று.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. பொங்கல், ஞாயிற்றுக்கு நன்றி கூறும் திருநாள். ஜனவரி 14-இல் வார்டோவில் ஞாயிறு எழுவதில்லை. கிழக்கு நோக்கிப் பானை வைப்பார்க்குக் கிழக்கு வெளுக்குமேயன்றிக் கதிர் தோன்றாது. ஐந்தாறு நாள் கழிந்தே கதிர்வட்டம் முழுதும் தெரியும். அன்று அவ்வூர்ப் பழங்கோட்டையில் பீரங்கி முழங்கும். பள்ளிச் சிறுவர்க்கு விடுமுறை. ஞாயிற்றை வரவேற்கும் விழா தமிழர்க்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டும். மாணவர்க்குப் பெரும்பொழுது சிறுபொழுது கற்பிக்கும் ஆசிரியர் இச்செய்தியையும் உடன் கூறலாம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்னும் பழமொழியின் முழுப்பொருளை, ஒளியின்றி ஈராறு வாரமல்ல, எட்டு வாரமே காத்திருந்தவரும் நன்கு உணர்வர்.