காப்பு நகல் ஓடுகிறதா? திறந்து பாருங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. பிச்சாவரம் பகுதியில் பணிபுரிபவன் என்பதால், மதிப்பெண் தரவுத்தளம் தினமும் மதிய இடைவேளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் தானாக நகலாகும்படி அமைத்திருந்தேன். ஒருநாள் பார்த்தால், கடைசி நகல் மூன்று வாரம் பழையது! அதற்குள் கணினி பழுதாகியிருந்தால் காலாண்டு மதிப்பெண்கள் போயிருக்கும்.

வரிசையாகச் சோதித்தேன்:

1. குறித்த நேரத்தில் கணினி இயங்குகிறதா?
2. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா?
3. டிரைவ் எழுத்து மாறியதா? வேறு பென் டிரைவ் செருகியிருந்தால் 'ஈ' டிரைவ் 'எஃப்' ஆகிவிடலாம்.
4. விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றினோமா? டாஸ்க் ஷெட்யூலரில் பழைய கடவுச்சொல்லே இருந்தால் வேலை தொடங்காது.

நான்காவதுதான் காரணம். புதிய கடவுச்சொல்லைப் பதிந்ததும் நகல் ஓடியது.

இது பெரியவர்களுக்கும் நேர்ந்ததே. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தரவு தவறுதலாக அழிந்தது. மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் காப்பு நகல் ஓடவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எனவே மாதம் ஒருமுறை நகலை வேறு கணினியில் திறந்து, ஒரு மாணவரின் மதிப்பெண்ணையாவது சரிபாருங்கள். இன்னொரு நகல் பள்ளிக்கு வெளியே இருக்கட்டும்.