கள்ளுக்கடை யாருக்குச் சொந்தம்?

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தின் பேரேரியையும், படியிறங்கிச் செல்லும் நடவாவிக் கிணற்றையும் பார்ப்பவருக்கு, அவை எவருடைய தனி உடைமை என்று கேட்கத் தோன்றாது. ஊருக்குப் பொது என்பது கேளாமலே விளங்கும். இப்பகுதியைச் சேர்ந்த உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் எனக் குடவோலையிட்டுத் தேர்ந்ததைச் சொல்கின்றன. அது அந்தணர் சபை. எல்லோருக்கும் அங்கே இடமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும், பொதுவான ஒன்றைக் கூடி ஆளும் வழக்கம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

மதுக்கடை மட்டும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ், கள், சாராயக் கடைகளை நடத்தும் உரிமை ஏலத்தில் போயிற்று. மிகுதியாகக் கேட்டவர் கடையை எடுத்தார். மரமேறியவர் அவரிடம் கூலியாளானார். 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, 1974இல் இறுகி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1987இல் கள்ளுக்குத் தடை வந்தது, இன்றுவரை நீடிக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் வந்தது. 2023-24இல் அதன்வழி அரசுக்குக் கிடைத்த வருவாய் ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். ஏலதாரர் போய் அரசு வந்திருக்கிறது. கடை எங்கே திறப்பது, எப்போது மூடுவது என்பதில் ஊருக்கு அன்றும் குரலில்லை, இன்றும் இல்லை.

வேறு வழி தமிழர்களுக்குத் தெரியாததா என்றால், பாக் நீரிணைக்கு அப்பால் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடைக்குத் ‘தவறணை’ என்று பெயர். ‘டாவர்ன்’ என்ற ஐரோப்பியச் சொல் தமிழ் உடுத்திக்கொண்ட வடிவம் அது. அங்கும் தவறணைகள் நெடுங்காலம் குத்தகைக்காரர் கையில்தான் இருந்தன. பனை வேறொருவருடையது, கடை மற்றொருவருடையது. உயிரைப் பணயம் வைத்து ஏறும் சீவல் தொழிலாளருக்கு விலை சொல்லும் உரிமைகூட இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள்; கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழையவே போராட வேண்டியிருந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் குத்தகை முறை நீங்கி, சீவுவோரே உறுப்பினராக உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்று அவை இன்று அறியப்படுகின்றன. உறுப்பினர் இறக்கிய கள்ளைச் சங்கம் அளந்து வாங்கும், சங்கத்தின் தவறணையிலேயே விற்கும், மிச்சம் சங்கத்துக்கே.

கேட்பதற்கு எளிய கணக்கு. ஆனால் அதன் விளைவு கணக்கேட்டோடு நிற்கவில்லை. நேற்றுவரை கூலிக்குக் கைகட்டி நின்றவர் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார். பொதுக்கூட்டத்தில் எழுந்து வரவு செலவைக் கேட்டார். போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் வீழ்ந்தன, ஊர்கள் இடம்பெயர்ந்தன. அதையும் கடந்து சங்கங்கள் பிழைத்திருக்கின்றன. இளைஞர் மரமேற முன்வராமை, ஆலை மதுவின் போட்டி எனச் சிக்கல்கள் குறைவில்லை. வடமராட்சியின் திக்கம் வடிசாலையைத் தனியார் குத்தகைக்கு விடும் பேச்சு எழுந்தபோது சங்கத்தார் எதிர்த்து நின்றது, உடைமை என்பதன் பொருளை அவர்கள் நன்கறிந்ததால்தான்.

இதற்குக் கள்ளின் இயல்பும் துணை செய்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். தடவாததில் ஊறுவது கள். சில மணி நேரத்திலேயே நொதிக்கும். ஒருநாள் கடந்தால் புளித்துப்போகும். தொலைவுக்கு அனுப்ப முடியாது, பதுக்கி வைக்கவும் முடியாது. ஆகவே கடை மரத்துக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். விற்பவரும் குடிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவராக இருப்பர். ஆலையில் வடித்த மது அப்படியன்று. எங்கோ காய்ச்சி, எங்கோ அடைத்து, எத்தனை ஆண்டும் இருப்பில் வைக்கலாம். பெரிய முதலுக்கும் பெரிய அரசுக்கும் ஏற்ற சரக்கு அது. கள்ளில் கலப்படம் நேர்வதையே தடைக்குக் காரணமாக முன்வைக்கிறார்கள். அது புறந்தள்ளத்தக்க அச்சமன்று. ஆனால் கலப்படம் செய்தவை பெரும்பாலும், மரத்தின் எண்ணிக்கையை மிஞ்சி விற்கத் துடித்த ஏலக்கடைகளே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. அங்கே ‘பப்’ என்பது ஊரார் மாலையில் கூடும் திண்ணை போன்றது. வடக்கு யார்க்ஷயரின் ஹட்ஸ்வெல் என்னும் சிற்றூரில் இருந்த ஒரே பப் 2008இல் மூடப்பட்டது. ஊரார் பங்குப் பணம் திரட்டி 2010இல் அதை வாங்கித் திறந்தனர். உள்ளே சிறு நூலகமும் மளிகைக் கடையும் வைத்தனர். 2016இல் நாட்டின் சிறந்த பப் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார் 2003இலேயே இதைச் செய்துவிட்டனர். இத்தகைய சங்கங்களில் பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான். 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், சமூகச் சொத்தாகப் பதிவான ஒரு கட்டடம் விற்பனைக்கு வந்தால், பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாத அவகாசம் தருகிறது.

இதை அப்படியே இங்கே நட முடியுமா? முடியாது என்றே தோன்றுகிறது. ஹட்ஸ்வெல்லில் ஊர் என்றால் ஊர். நம்மிடம் ஊர் வேறு, சேரி வேறு. ‘ஊருக்குச் சொந்தம்’ என்று எழுதிவைத்த கடை, ஆதிக்கம் மிக்க சாதியின் கடையாவதற்கு அதிக நாள் ஆகாது. யாழ்ப்பாணத்துச் சங்கங்கள் நிலைத்ததன் காரணம், அவை பொதுப்படையாக ‘ஊரார்’ கையில் தரப்படாமல், உழைப்பவர் கையில் தரப்பட்டதே. இன்னொன்று: குடியால் அடிபடும் பெண்களுக்கு அச்சங்கங்களும் முழு விடை தரவில்லை. கடையின் உரிமையாளர் அண்டை வீட்டுக்காரர் என்பதால் கணவனின் கைக்காசு தானாக வீடு வந்து சேராது. கடையை நடத்தும் உரிமையைப் போலவே, மூடும் உரிமையும் உள்ளூரில் இருக்க வேண்டும்.

அதற்கு இந்தியச் சட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. பட்டியல் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் ‘பெசா’ சட்டம், மதுவைத் தடுக்கவோ முறைப்படுத்தவோ கிராம சபைக்கு அதிகாரம் அளிக்கச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி ஏதும் அறிவிக்கப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் 2008 முதல், ஊர்ப் பெண் வாக்காளரில் கால்பங்கினர் கோரினால் வாக்கெடுப்பு நடக்கும். நிற்கும் புட்டி என்றால் கடை இருக்கும், படுத்த புட்டி என்றால் மூடப்படும். பாதிக்கு மேற்பட்டோர் படுத்த புட்டியில் முத்திரையிட்டால் மாவட்ட நிர்வாகம் கடையை அகற்றியாக வேண்டும்.

நம் கிராம சபைகள் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றன. ஏரியைத் தூர்வாரக் கோரும் தீர்மானம் எழுதப்படும் அதே பதிவேட்டில், டாஸ்மாக் கடையை அகற்றக் கோரும் தீர்மானமும் எழுதப்படுகிறது. அது ஆட்சியருக்கு ஒரு வேண்டுகோளாகப் போய்ச் சேர்கிறது. அதை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் விற்பவருக்கு இல்லை. விற்பவர் இங்கே அரசு.